கேள்வி – பதில்: வீச்சுக்கு ஏற்ற கோல்ஃப் ஷாஃப்ட்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கும் எனக்கு வயது 54. விடுமுறை நாள்களில் கொடைக்கானலுக்குச் சென்று கோல்ஃப் விளையாடுகிறேன். நண்பர் தந்த டிரைவரில் (தொலைதூர அடிக்கான மட்டை) ‘ஸ்டிஃப்’ (விறைப்பான) ஷாஃப்ட், அதாவது மட்டைத் தண்டு, இருக்கிறது. பந்து தாழ்வாகப் பறந்து வலப்புறம் ஒதுங்குகிறது. விறைப்பு குறைந்த ‘ரெகுலர்’ ஷாஃப்டுக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: ஓரளவு சரியாகலாம், முழுவதும் சரியாகும் என்று சொல்வதற்கில்லை. வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறம் வளைவதற்கு, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் வீச்சுப் பாதையைக் காட்டிலும் திறந்திருப்பதே (வலப்புறம் திரும்பியிருப்பதே) முதன்மைக் காரணம். மிகையான விறைப்பு அந்தக் குறையைச் சற்றுக் கூட்டலாமே தவிர, தானாக அதை உண்டாக்குவதில்லை. பந்து தாழ்வாகப் போவதற்கு லோஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு) குறைவாக இருப்பதும் காரணமாகலாம். 9 டிகிரி டிரைவரை வைத்திருந்தால், ஷாஃப்டுக்குச் செலவிடும் முன் 10.5 அல்லது 12 டிகிரி டிரைவரை இரவல் வாங்கி அடித்துப் பாருங்கள்.

பொதுவாக, டிரைவர் வீச்சு மணிக்கு 85 முதல் 95 மைல் வரை இருப்பவருக்கு ரெகுலரும், 95 முதல் 105 மைல் வரை இருப்பவருக்கு ஸ்டிஃப்பும், 85 மைலுக்குக் கீழே இருப்பவருக்கு இன்னும் விறைப்பு குறைந்த சீனியரும் பொருந்தும் என்பார்கள். ஆனால் இந்தப் பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது என்பதால், ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப்புக்கு இணையாக இருப்பதும் உண்டு. வேகம் ஒன்றாகவே இருந்தாலும், மேலிருந்து வெடுக்கென்று இழுத்து அடிப்பவருக்குக் கூடுதல் விறைப்பும், நிதானமாக இறக்குபவருக்குக் குறைந்த விறைப்பும் ஒத்துவரும். ஸ்டிஃப் என்ற சொல்லை ஆண்மையின் அடையாளமாக எண்ணி அதை விட மறுப்பவர்கள் நம்மிடையே பலர். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதில்லை.

பெரும்பாலோர் கேட்காமல் விடுவது ஷாஃப்டின் எடையை. நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். டிரைவருக்கான கிராஃபைட் ஷாஃப்டுகள் பெரும்பாலும் 45 முதல் 75 கிராம் வரை கிடைக்கின்றன. கனம் கூடினால் ஆட்டத்தின் பிற்பகுதியில் கை தளர்ந்து வேகம் குறையும். மிகவும் குறைந்தாலோ, மட்டையின் தலை எங்கே இருக்கிறது என்ற உணர்வே போய், பந்து முகத்தின் நடுவில் படாது. உங்கள் வயதில் 50 கிராமை ஒட்டிய ரெகுலரில் தொடங்கி, நடுவில் படுவது குறைந்தால் 60 கிராமுக்கு ஏறலாம்.

கொடைக்கானலில் பந்து போகும் தூரத்தை வைத்து வீச்சு வேகத்தைக் கணிக்காதீர்கள். அந்த ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து, அதே அடி சமவெளியைவிடக் கூடுதலாகப் பறக்கும். அந்தத் தூரத்தை நம்பி ஸ்டிஃப் வாங்கியவர் கீழே வந்து ஆடும்போது திகைப்பார். லான்ச் மானிட்டர் (வீச்சு வேகத்தையும் பந்தின் பறப்பையும் அளக்கும் கருவி) உள்ள இடத்தில், உடல் சூடேறிய பிறகு, இரண்டு மூன்று ஷாஃப்டுகளில் தலா பத்துப் பந்துகள் அடியுங்கள். மிக நீளமாகச் சென்ற ஒரே அடியை விட்டுவிட்டு, பந்துகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் பழைய ஸ்டீல் ஷாஃப்ட் அயர்ன்களை (உலோகத் தலை மட்டைகளை) வெட்டிக் குட்டையாக்கி, 12 வயது மகளுக்குத் தரலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். வெட்ட வெட்ட ஷாஃப்ட் விறைத்துக்கொண்டே போகும். தலையின் கனமோ குறையாது. ஸ்டீல் அயர்ன் ஷாஃப்டுகள் பல 100 கிராமைத் தாண்டுபவை. கிரிப்பும் (கைப்பிடியும்) சிறு கைகளுக்குத் தடிமன். அவளுடைய உயரத்துக்கென்று செய்யப்பட்ட கிராஃபைட் ஜூனியர் மட்டைகளில் மூன்று நான்கு மட்டும் வாங்கிக் கொடுங்கள். முழு செட் இப்போது தேவையில்லை.