வாசகர் கேள்வி – பதில்: வயல் தேடி வரும் வெளிநாட்டுப் பணம்

கேள்வி: மேலூருக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், சென்னையில் பதிவான ஒரு நிறுவனத்துக்காக 200 ஏக்கர் புஞ்சை வேண்டும் என்று தரகர் ஒருவர் அலைகிறார். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதாகப் பேச்சு. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? அரசு இதைக் கண்காணிக்கிறதா?
– வாசகர், மேலூர்

பதில்: வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டுக் குடிமகனோ, அங்கே பதிவான நிறுவனமோ நம் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க, 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் விதிகளும் இடம் தருவதில்லை. ஆனால், இங்கே பதிவான நிறுவனத்தின் பங்குகளை அவர்கள் வாங்கலாம். அந்த நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்பதைப் பொறுத்தே அனுமதி அமைகிறது. விதை உற்பத்தி, பசுமைக்குடில் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் பூ, காய்கறி, காளான் வளர்ப்பு, கால்நடை மற்றும் மீன் வளர்ப்பு, தேயிலை, காப்பி போன்ற சில தோட்டப்பயிர்கள் ஆகியவற்றில் 100 சதவீதம் வரை முன்அனுமதியின்றியே முதலீடு செய்யலாம். நெல், கரும்பு போன்ற சாதாரணச் சாகுபடிக்கு அனுமதி இல்லை. நிலத்தை வாங்கி விற்கும் தொழிலுக்கோ அறவே கிடையாது.

கண்காணிப்பைப் பொறுத்தவரை, நம் ஏற்பாடு பணத்தையும் நிலத்தையும் தனித்தனியே பார்க்கிறது. பங்குக்காக வரும் தொகையை வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். நிலம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமாறுகிறது. அங்கே வாங்குபவராக நிற்பது இந்திய நிறுவனம், அவ்வளவுதான். அதன் பின்னால் யாருடைய பங்கு இருக்கிறது என்பதைக் கிரயப் பத்திரம் சொல்லாது. என் பார்வையில் ஓட்டை இருப்பது இங்கேதான்.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே பல மாநிலங்களில் வெளிநாட்டார் விளைநிலம் வாங்கலாம். ஆனால் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் வேளாண் துறையிடம் தெரிவிக்க வேண்டும். தவறினால், நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். வாங்கிய பிறகு தெரிவிக்கும் ஏற்பாடு என்பதால் அதிலும் குறை உண்டு. எனினும் நிலத்தையும் உரிமையாளரின் நாட்டையும் ஒரே பதிவேட்டில் காணலாம்.

உங்கள் ஊர் விவகாரத்தில் இன்னொரு தடையும் உண்டு. தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டப்படி ஒரு நிறுவனம் 15 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் அளவு) மேல் வைத்திருக்க முடியாது. புஞ்சையில் அது கூடுதல் பரப்பாகும் என்றாலும் 200 ஏக்கரை எட்டாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அரசின் அனுமதி தேவை. ஆகவே அச்சாரம் வாங்குவதற்கு முன், நிறுவனத்தின் பெயரைத் தரகரிடம் எழுதி வாங்குங்கள். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி, பங்கு யாருடையது என்று அறிய அதன் ஆண்டறிக்கையைப் பார்க்கலாம்.

கேள்வி: சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற என் மகளுக்கு வாடிப்பட்டி அருகே உள்ள மூன்று ஏக்கரைத் தானமாக எழுதித் தரலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: விவசாய நிலம் என்பதால் தான செட்டில்மெண்டாகத் தர முடியாது. உங்கள் காலத்துக்குப் பின் வாரிசுரிமையாக அவரைச் சேரலாம். பின்னாளில் அவர் விற்பதானால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க வேண்டும்.