பரிசு பாதி, செலவு முழுசு: மகளின் டென்னிஸுக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. டென்னிஸில் இரட்டையர் ஆட்டம்தான் அவளுக்கு நன்றாக வருகிறது. ஒற்றையரை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள். போன வருடம் 26 வாரம் போட்டிகளுக்குப் போனதில் செலவு 8.4 லட்சம், வரவு 1.6 லட்சம். எங்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. கையில் 4 லட்சம் டெபாசிட். தண்டையார்பேட்டை வீட்டின் மேல் 15 லட்சம் கடன் வாங்கி இரண்டு வருடம் முழுமூச்சாக ஆடவிடலாமா? சானியா மிர்சாவும் இரட்டையரில்தானே உச்சிக்குப் போனார்?

பதில்: வீட்டைத் தொடாதீர்கள் அம்மா. 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 19,800 ரூபாய். மகள் ஜெயித்தாலும் தோற்றாலும் தேதி தவறாமல் கட்டியாக வேண்டும். ஆடி, தீபாவளி, ரம்ஜான் சமயத்தில் கடை தாங்கும். மற்ற மாதங்களில்?

நீங்கள் அனுப்பிய கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மகாராஷ்டிரத்தில் 15 ஆயிரம் டாலர் போட்டி, இரட்டையரில் இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறாள். அவள் பங்கு 22 ஆயிரம் ரூபாய். ரயில், ஆறு நாள் ரூம், சாப்பாடு, ராக்கெட் ஸ்ட்ரிங், பிசியோ எல்லாம் சேர்த்து 31 ஆயிரம். அதாவது நன்றாக ஆடிய வாரத்திலேயே 9 ஆயிரம் நஷ்டம். அந்த 15 ஆயிரம் டாலர் மொத்தப் போட்டிக்குமானது; இரட்டையருக்கு அதில் சின்னத் துண்டுதான், அதையும் ஜோடி பிரித்துக்கொள்ள வேண்டும். ரயில் டிக்கெட்டை யாரும் பாதி விலைக்குத் தருவதில்லை. உச்சியிலும் இதே கதைதான். 2024 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்ட். இரட்டையரில் ஜோடிக்கே சேர்த்து 6.5 லட்சம்.

சானியா விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றையர் தரவரிசையில் 27-வது இடம் வரை போய், பெயரும் விளம்பர வருமானமும் வந்த பிறகுதான், 2013-இல் காயத்தால் ஒற்றையரை விட்டார். இரட்டையரில் முதலிடம் 2015-இல். உங்கள் மகளும் இப்போதே ஒற்றையரை விட வேண்டாம். பெரிய போட்டிகளில் இரட்டையருக்குப் பெயர் கொடுக்கும்போது ஒற்றையர் தரவரிசையையும் பயன்படுத்த முடியும். அதோடு, ஒரே ரயில் செலவில் இரண்டு வரவுக்கு வாய்ப்பு.

சரி, என்ன செய்யலாம்? டெபாசிட்டில் 2 லட்சத்தை வீட்டு அவசரத்துக்கு என்று ஒதுக்குங்கள். மீதி 2 லட்சம்தான் அவளுடைய ஒரு வருட முதலீடு. 26 வாரத்தை 14 ஆக்கினால் செலவு 4.5 லட்சத்துக்கு வரும். மற்ற வாரங்களில் கிளப்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரட்டும். மாதம் 12 ஆயிரம் வந்தாலும் பரிசுப் பணத்தோடு சேர்த்து, செலவு ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். விளையாட்டு வீரர்களுக்கு உதவும் அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் லாபம், ஆனால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

எனக்கு இதைவிட அவசரமாகப் படுவது வேலை. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 25. உங்களுக்குப் பக்கத்திலேயே பெரம்பூரில் ரயில்வேயின் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐசிஎஃப் இருக்கிறது. வேலையில் சேர்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்று பல வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையில் மாதச் சம்பளம் வரும், போட்டிக்கு விடுப்பும் கிடைக்கும். இரட்டையரில் முப்பதுக்கு மேலும் ஆடலாம். 2023-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றபோது தைவான் வீராங்கனை சியே சு-வேக்கு வயது 37. ஆட்டம் காத்திருக்கும், ரயில்வே காத்திருக்காது.

விபத்துக் காப்பீடு எடுக்கும்போது தொழில்முறை ஆட்டக்காரர் என்று எழுதிக் கொடுங்கள். பல பாலிசிகளில் தொழில்முறை ஆட்டத்தில் படும் காயத்துக்குப் பணம் கிடையாது. விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், பரிசுப் பணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள்.

இன்னொன்று. பல போட்டிகளுக்கு அவள் அப்பாவும் கூடப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் டிக்கெட்டோ, அந்த வாரங்களில் கடையில் விட்ட வியாபாரமோ நோட்டில் எங்கேயும் இல்லை. அடுத்த நோட்டில் அதற்கும் ஒரு பத்தி போடச் சொல்லுங்கள்.