அமைதி எட்டக்கூடியதா? பங்குக் கிணற்றடியிலிருந்து ஒரு பதில்

தனிமனிதருக்கும் உலகுக்கும் அமைதி எட்டக்கூடியதா, புராணங்கள் அதற்கு என்ன பொருள் தருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டக்கூடியது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு நான் வந்து சேர்ந்த வழி நேரானதன்று. 1972இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் பிறந்த எனக்கு, அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மனம் ஆறுவதில்லை, காது கூர்மையாகிறது. 1987 யூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான பின் எங்கள் ஊருக்கு வந்த இந்தியப் படைக்கு அமைதிப் படை என்று பெயர். ஒக்டோபரில் அந்தப் படையோடு மூண்ட சண்டையின்போது நாங்கள் பதுங்கு குழிக்குள் இருந்தோம். 1995இல் நடந்த போருக்கு அப்போதைய அரசாங்கம் சூட்டிய பெயர் சமாதானத்துக்கான போர். அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, ஏ-9 வீதி திறந்து, 2006 ஓகஸ்ட்டில் அது மறுபடியும் மூடப்படும் வரையான நாட்களை எங்கள் ஊரில் இன்றும் ‘சமாதான காலம்’ என்றே சொல்வார்கள். மாரி காலம், கோடை காலம் என்பதுபோல அதுவும் ஒரு பருவம்; வந்தது, போனது.

ஆகவே, சொல்லிலிருந்து தொடங்குவதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. அமைதி என்பதை இன்று நாம் சத்தமின்மை என்ற பொருளில் புழங்குகிறோம். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து ‘அமைதி’ என்று அதட்டும் ஆசிரியருக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் அதன் வேர் ‘அமை’. பொருந்துதல், தன் இடத்தில் உட்காருதல், நிறைதல். இலக்கணகாரர் ‘அமைதி’ என்று எழுதும்போது பொருத்தம் என்பதையே கருதினர். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் தராசுக்கோல் ‘அமைந்து ஒருபால் கோடாமை’ பேசப்படுகிறது: எடை சரியாகி, முள் நடுவில் வந்து நிற்கிறதே, அந்த நிலை. தராசு ஆடாமல் நிற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டு தட்டிலும் சரியான எடை இருந்தாலும் அது ஆடாது. முள்ளை ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்தாலும் ஆடாது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் எங்களுக்குக் கிடைத்தது இவற்றில் எது என்பதை ஒவ்வொருவரும் தம் அனுபவத்துக்கேற்பச் சொல்வார்கள். எபிரேய மொழியின் ‘ஷாலோம்’ என்ற சொல்லும், கடனைத் திருப்பிச் செலுத்துதல் என்பதற்கான அந்த மொழிச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. கணக்குத் தீராத இடத்தில் இருப்பது மௌனம் மட்டுமே. தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதத் தொடங்கும்போது, ஒல்லாந்து விடுதிக்காரர் ஒருவர் அதே சொற்களைத் தம் கடைப் பலகையில் எழுதி ஓர் இடுகாட்டின் படத்தை வரைந்து வைத்திருந்ததைக் குறிப்பிடுகிறார். எங்கள் பக்கத்தில் அதற்கு மயான அமைதி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது.

புராணங்களைப் பற்றிக் கேட்டதற்கு நான் முதலில் எடுப்பது மகாபாரதத்தை. காரணம், அதன் பதினெட்டுப் பர்வங்களில் ஒன்றுக்குச் சாந்தி என்றே பெயர். அது போருக்கு முன்னால் வருவதன்று. முன்னால் வருவது கண்ணனின் தூது. ஐந்து ஊர்களாவது கொடு என்று கேட்டு, ஊசி முனையளவு நிலமும் இல்லை என்ற பதிலோடு திரும்பிய தூது. சாந்தி பர்வம் பன்னிரண்டாவது. எல்லாம் முடிந்து, வென்றவன் தருமன் அரசு வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்று அழுவதில் அது தொடங்குகிறது. வெற்றி அமைதியைத் தரும் என்று நம்பியவருக்கு இதைவிடக் கடுமையான மறுப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அதனினும் முக்கியமானது அதற்கு முந்திய பதினோராவது பர்வம். அதன் பெயர் ஸ்திரீ பர்வம், பெண்களின் பகுதி. காந்தாரியும் மற்றப் பெண்களும் களத்துக்கு வந்து தம்மவரின் உடல்களைத் தேடி அடையாளம் கண்டு அழுகிறார்கள்; பிறகு கங்கைக் கரையில் இறந்தோருக்கு நீர்க்கடன் கொடுக்கும்போது, கர்ணனுக்கும் நீர் கொடு, அவன் உன் தமையன் என்று குந்தி தருமனிடம் சொல்லிவிடுகிறாள். பெண்கள் அழுது முடித்து, மறைத்து வைத்திருந்த உண்மை வெளியே வந்த பிறகுதான் சாந்தி என்று பெயரிட்ட பகுதிக்குள் கதை நுழைகிறது. இந்த வரிசையை யாரும் திட்டமிட்டு எனக்குக் கற்பிக்கவில்லை. என் பெரியம்மாவைப் பார்த்துப் பார்த்து நானே கண்டுகொண்டேன்.

பெரியம்மாவின் இரண்டாவது மகன் 1996இல் சைக்கிளில் வெளியே போனவர், திரும்பவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளளவில் அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியையைச் செய்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைப்பது வழக்கம். அன்றோடு துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, கழிந்து வீடு மெல்ல வழமைக்குத் திரும்பும். பெரியம்மா அந்தியேட்டி செய்யவில்லை. செய்தால் இறந்துவிட்டான் என்று தானே ஒப்பம் வைப்பதாகிவிடும் என்பார். எத்தனையோ படிவங்களை நிரப்பிக் கொடுத்தார், பதில் வந்ததில்லை. அவருக்குத் தியானமும் கோயிலும் நல்ல வார்த்தையும் அமைதி தரும் என்று சொன்ன உறவினர்களில் நானும் ஒருவன் என்பதை இன்று கூச்சத்தோடு நினைத்துக்கொள்கிறேன். குந்தி ஒரு வாக்கியம் சொன்னாள். பெரியம்மாவுக்கு அந்த ஒரு வாக்கியம் யாரிடமிருந்தும் கிடைக்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி ஆண்டுக்கணக்காக வீதியோரக் கொட்டகைகளில் இருந்த, காணாமல்போனோரின் தாய்மாரும் கேட்டது அதையே. சமாதானத்தைக் குழப்புகிறார்கள் என்று அவர்களைச் சிலர் சொல்வதுண்டு. பதினோராவது பர்வத்தைக் கிழித்துவிட்டுப் பன்னிரண்டாவதை வாசிக்க விரும்புகிறவர்களின் பேச்சு அது என்று எனக்குப் படும்.

யாழ்ப்பாணத்தவன் கந்தபுராணத்தைத் தொடாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. எங்கள் கோயில்களில் அது பாடலும் பயனுமாக, ஒருவர் பாட மற்றவர் பொருள் சொல்ல, படிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரன் போர். மரத்தில் செய்த சூரனை ஆட்கள் தோளில் தூக்கி ஓட, யானைமுகம், சிங்கமுகம் என்று தலைகள் மாறி மாறி விழ, கடைசியில் மாமரமாகி நிற்பவனை வேல் இரு கூறாக்குகிறது. அடுத்து நடப்பதுதான் கவனிக்கத்தக்கது. பிளவுபட்டவன் சேவலும் மயிலுமாகிச் சீறி வர, முருகன் அவற்றை அருளோடு நோக்குகிறான். சினம் தணிந்த சேவல் கொடியாகிறது, மயில் வாகனமாகிறது. பகைவனுக்குக் கோயிலுக்குள்ளேயே நிரந்தரமான ஓரிடம் கிடைக்கிறது. நல்லூரில் கும்பிடும்போது நாம் மயிலையும் சேர்த்தே கும்பிடுகிறோம், அது யாராக இருந்தது என்பதை மறந்துவிட்டு. இதைச் சைவர் மறக்கருணை என்பர், தண்டித்து ஆட்கொள்ளும் கருணை. ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் விட முடியாது: கடவுளுக்குப் பொருந்தும் அந்தச் சொல்லைப் படையெடுப்பவர்கள் இரவல் வாங்கிக்கொள்ளக் கூடாது. வெட்டும் பகுதியை எல்லாரும் எளிதாகப் பின்பற்றிவிடுகிறார்கள். வாகனமும் கொடியும் ஆக்கிக்கொள்ளும் பகுதிக்கு எவரும் வருவதில்லை.

சிலப்பதிகாரத்திலும் சாந்தி என்ற சொல் ஓரிடத்தில் வருகிறது. அந்த இடம் என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று களவேள்வியால் கண்ணகிக்குச் ‘சாந்தி செய்ய’, மழை பெய்ததாம். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஒரு சாதியே பலி. அமைதி என்ற பெயரில் அப்பாவிகளை அழிக்கும் வழக்கம் நேற்று வந்ததன்று என்பதற்கு இதைச் சொல்லும், காப்பியத்தின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதியே சான்று. ஆனால் அதே கட்டுரையில் கடல்சூழ் இலங்கையின் மன்னன் கயவாகுவும் வருகிறான். அவன் எடுத்த வழிபாடு சிங்களவரிடம் பத்தினி தெய்யோ என்று இன்றும் வாழ்கிறது, கண்டிப் பெரஹராவில் அவளுடைய தேவாலயத்து ஊர்வலமும் போகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் அவளுக்குக் குளிர்த்தி என்று சடங்கு. எரித்தவளைக் குளிரச் செய்து, அவள் சினத்தை ஒப்புக்கொண்டு, அதன் பிறகு மழை கேட்பது. இந்தத் தீவின் இரண்டு சனங்களும் நீதி கேட்டுக் கோபித்த ஒரு பெண்ணையே வணங்குகிறோம் என்பதை நாம் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. கிரேக்கரின் அமைதித் தெய்வமான ஐரீனியும் தனியாகப் பிறந்தவள் அல்லள். நீதிக்குரிய டிக்கேயும் நல்லொழுங்குக்குரிய யூனோமியாவும் அவள் உடன்பிறந்தோர்.

தனிமனித அமைதிக்கு வருகிறேன். எங்கள் மண்ணில் இதற்கு அதிகாரத்தோடு பேசியவர் கொழும்புத்துறை யோகர் சுவாமி (1872–1964). ‘எப்பவோ முடிந்த காரியம்’, ‘ஒரு பொல்லாப்பும் இல்லை’ என்ற அவருடைய வாக்குகள் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கின. எறிகணை விழுந்து அந்தச் சுவரே போனபோது, பொல்லாப்பு இல்லையாம் என்று கசப்போடு சிரித்திருக்கிறேன். இப்போது அவ்வளவு அவசரப்படுவதில்லை. சாந்தி என்று மூன்று முறை சொல்வதற்கு, தன்னால் வரும் துன்பம், பிறரால் வரும் துன்பம், தெய்வத்தால் அல்லது இயற்கையால் வரும் துன்பம் ஆகிய மூன்றும் நீங்கவேண்டும் என்று விளக்கம் சொல்வார்கள். சுவாமியின் வாக்கு முதலாவதற்கு மருந்து. அந்த எல்லைக்குள் அது பெரிய மருந்து. அதை இரண்டாவதற்குக் கொடுத்தால் அநியாயத்தைப் பொறுத்துக்கொள் என்ற அறிவுரையாகத் திரிந்துவிடும். தனக்குள் ஒருவன் அமைதியாக இருக்கலாம், ஓரளவுக்கு, சில நேரங்களில். ஆனால் வேலிக்கு அப்பால் ஒருவர் இருக்கும்வரை அது முழுமையாகாது.

உலக அமைதியைப் பற்றி மொத்தமாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1928இல் பாரிஸில் நாடுகள் கூடிப் போரையே தேசியக் கொள்கையின் கருவியாகக் கொள்ளோம் என்று கைச்சாத்திட்டன. பதினொரு ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஆனால் சில்லறையாகப் பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையில் ஓலாந்து என்றொரு தீவுக்கூட்டம். மக்கள் பேசுவது சுவீடிஷ். சேர விரும்பியது சுவீடனோடு. 1921இல், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தீவுகளைப் பின்லாந்துக்கே கொடுத்தது. கூடவே, அவர்களுடைய மொழிக்கும் சுயாட்சிக்கும் உறுதிமொழி வாங்கியது. படைகள் அங்கே நிலைகொள்ளக் கூடாது என்றும் அந்த ஆண்டே உடன்படிக்கை வந்தது. யாருக்கும் கேட்டது முழுவதாகக் கிடைக்கவில்லை. நூறாண்டுகளாக அந்த ஏற்பாடு நிற்கிறது. எங்கள் தீவில் மொழிக்கும் நிலத்துக்குமாகப் போனவற்றை எண்ணும்போது, அந்தத் தீவின் பெயரைப் பொறாமையோடுதான் உச்சரிக்கிறேன்.

என்னுடைய சில்லறைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் விட்டுப் போன எங்கள் காணி 2017இல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்டது. வீடு தரைமட்டம், கிணறு மட்டும் தூர்ந்துபோய்க் கிடந்தது. அது பங்குக் கிணறு. காணி உறுதிப் பத்திரத்தில் எங்களுக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் அரைவாசி அரைவாசி, வழி வாய்க்கால் உரித்து உட்பட. இருபத்தேழு ஆண்டுகள் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் இருந்த நாங்கள் இருவரும், திரும்பி வந்த மூன்றே மாதத்தில் ஒன்றரை அடி எல்லைக்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டோம். வேலிக்கு நான் நட்ட கதியால் தடிகள் அவருடைய நிலத்துக்குள் நிற்கின்றன என்பது அவர் வழக்கு; அந்த இடத்தில்தான் அப்பா காலத்துப் பூவரசு நின்றது என்பது என் ஞாபகம். ஊர்ப் பெரியவர் ஒருவர், “தம்பி, ஞாபகத்தை வைச்சுக்கொண்டு வேலி அடைக்கேலாது, அளந்து பாருங்கோ” என்றார். நில அளவையாளர் வந்து சங்கிலி போட்டார். பிழை என்னுடையது.

கதியால்களை நானே பிடுங்கித் தள்ளி நட்டேன். அதனால் நிம்மதி வந்ததா என்றால், இல்லை. தோற்றவனின் எரிச்சல் இரண்டு மாதமாவது இருந்திருக்கும். பிறகு ஒருநாள் அந்த அண்ணை தன் தண்ணீர் மோட்டார் இழுக்கவில்லை என்று வேலியடியில் வந்து கேட்டார். போய்ப் பார்த்துக் கொடுத்தேன். இருவரும் காசு போட்டுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, முறை வகுத்துக்கொண்டோம். திங்கள், புதன், வெள்ளி அவருடையவை. செவ்வாய், வியாழன், சனி என்னுடையவை. ஞாயிறு யாருடையது என்பது இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு விடியப்புறம் முதலில் மோட்டாரைப் போடுபவருக்கு.