43 வயதில் கனடா போகலாமா?

கேள்வி: சென்னையில் 19 வருடமாக மென்பொருள் வேலை. வயது 43. கோடிங்கே வேண்டாம் என்றாகிவிட்டது. ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்தோடு கனடா போய் வேறு தொழில் பார்க்கலாமா? ஊரில் அப்பா தனியாக 9 மா (சுமார் 3 ஏக்கர்) நஞ்சையைப் பார்க்கிறார். மனைவிக்கு 37, நர்ஸ்.
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: போகலாம் தம்பி. நானும் 41 வயதில் கம்ப்யூட்டர் வேலையை விட்டு டொரான்டோ போனவள்தான். ஆனால் ராஜினாமாவை இன்றே கொடுக்காதீர்கள்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் பார்த்துக் குடியேற அழைக்கும் கனடா அரசின் முறை. அதில் வயதுக்குத் தனி மதிப்பெண். மனைவியோடு விண்ணப்பித்தால் 43 வயதுக்கு 15, அடுத்த வருடம் 5, 45 ஆனால் ஒன்றுமில்லை. மனைவியை முதன்மை விண்ணப்பதாரர் ஆக்கினால் அதே இடத்தில் அவருடைய 37 வயதுக்கு 60. மருத்துவத் துறையினருக்கென்று 2023 முதல் தனி அழைப்புச் சுற்றுகளும் நடக்கின்றன. உங்கள் கடிதத்தில் அவர் கடைசி வரியில் வருகிறார். விண்ணப்பத்தில் அவர் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். அங்கே நர்ஸாக வேலை பார்க்க அந்தந்த மாகாணத்தில் பதிவு வேண்டும், அதற்கு நாளாகும். முதலில் அவருக்குப் போக மனசு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அனுபவச் சான்றை வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். என்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு எல்லாம் அதில் வேண்டும். நான் விட்ட பிறகு போய்க் கேட்டேன். ஒரே வரியில் எழுதித் தந்தார்கள். சரியான கடிதம் வாங்க இரண்டு மாதம் அலைந்தேன்.

வேறு தொழில் எது என்று நீங்கள் எழுதவில்லை. நான் பேக்கரிக்குப் போனேன். விடியற்காலை நாலு மணிக்கே கை முழுக்க மாவு. சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, உங்கள் வீட்டுக்குக் கட்டுபடியாகுமா என்று பாருங்கள்.

அப்புறம் நிலம். வெளிநாட்டில் குடியேறிவிட்டால் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. இருப்பதையும், அப்பா வழியில் வருவதையும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயலை வாங்கும் எண்ணம் இருந்தால் கிளம்பும் முன்பே முடியுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மேட்டூர் திறந்து தண்ணீர் பாபநாசம் வந்ததும் எங்கப்பா போன் செய்வார். இங்கே காலை பத்து, அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். பேசமாட்டார், போனை வாய்க்கால் பக்கம் நீட்டிப் பிடிப்பார். மதகில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். இருட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

சம்பாவை யார் பார்ப்பது, ராத்திரி நெஞ்சு வலித்தால் அப்பாவைத் தஞ்சாவூருக்கு யார் கூட்டிப்போவது என்று ஆள் பெயரோடு முடிவு செய்யுங்கள். அதற்கப்புறம் டிக்கெட் போடுங்கள்.