ஆஸ்திரேலியக் கிராமத்துப் பழைய பப்பில் மலிவு அறை எடுத்துத் தங்கலாமா?

குடிப்பழக்கம் இல்லாத குடும்பம், பிள்ளைகளோடு பப் மாடியில் தங்குவது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தங்கலாம். சிட்னியை விட்டு உள்நாட்டுப் பக்கம் கிளம்பினால் நாங்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

அங்கே பப் வாசலில் 'ஹோட்டல்' என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. மது விற்க உரிமம் வேண்டுமானால் வழிப்போக்கர்களுக்குத் தங்க இடமும் கொடுத்தாக வேண்டும் என்பது பழைய சட்டம். அதனால்தான் சின்னஞ்சிறு ஊரிலும் நாற்சந்தியில் ஒரு மாடிக் கட்டடம், இரும்புப் பூவேலை போட்ட வராந்தா, மேலே வரிசையாக அறைகள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லின் பேலஸ் ஹோட்டல் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1889ல் அதைக் கட்டியபோது அது மது விற்காத காபி மாளிகை. வியாபாரம் கட்டுப்படியாகாமல் சில வருடங்களிலேயே மது உரிமம் வாங்கிவிட்டார்கள். பின்னாளில் கார்டன் வே என்ற பழங்குடி ஓவியர் அதன் சுவர்களை நிலக்காட்சிகளால் நிரப்பினார். சுற்றிலும் வறண்ட செம்மண் பூமி; உள்ளே படியேறினால் சுவரெல்லாம் தண்ணீரும் மரமும். அவசியம் பாருங்கள்.

சரி, மலிவு அறை எப்படி இருக்கும்? உயரமான கூரை, இரும்புக் கட்டில், மூலையில் கை கழுவும் தொட்டி, மடித்து வைத்த துண்டு. நடந்தால் பலகைத் தரை முனகும். குளியலறையும் கழிவறையும் நடைக்கோடியில், எல்லோருக்கும் பொது. ஜூலை அங்கே குளிர்காலம்; அந்த இரவில் அதுவரை நடந்து போவதே ஒரு வேலை. கம்பளிச் சட்டையும் செருப்பும் கட்டிலோரம் இருக்கட்டும். படுக்கையில் மின்சாரப் போர்வை இருந்தால் சாப்பிடப் போகும் முன்பே சுவிட்சைப் போட்டுவிடுங்கள்.

சத்தம் இருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் கீழே பாட்டுக் கச்சேரி நடக்கலாம். மதுக்கூடத்துக்கு நேர் மேலே வேண்டாம், பின்பக்கம் கொடுங்கள் என்று போனிலேயே கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரவுச் சாப்பாட்டை மட்டும் அறைக்குள் முடித்துக்கொள்ளாதீர்கள். கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு வாருங்கள், ஊரைப் பார்ப்பது அங்கேதான். கவுன்டரில் சொல்லிப் பணம் கட்டிவிட்டு உட்காரலாம். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழிமேல் தக்காளிச் சாஸும் சீஸும் போட்ட சிக்கன் பார்மி எங்கும் கிடைக்கும், சைவத்துக்குச் சில இடங்களில் சிப்ஸும் சாலடும்தான். பிள்ளைகள் பெரியவர்களோடு சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கலாம். சூதாட்ட மெஷின் அறைக்குள் போகக்கூடாது. லெமன் லைம் பிட்டர்ஸ் என்ற குளிர்பானத்தில் பிட்டர்ஸ் எனும் மது கலந்த கசப்புச் சாறு சில சொட்டு விடுவார்கள், அதுவும் வேண்டாம் என்றால் லைம் சோடா கேளுங்கள். வெள்ளிக்கிழமையானால் பல இடங்களில் இறைச்சிக் குலுக்கல் நடக்கும்; சீட்டு வாங்கி, ஜெயித்தவருக்கு இறைச்சிதான் பரிசு. கிடைக்கும் காசு பெரும்பாலும் உள்ளூர் விளையாட்டுக் குழுவுக்குப் போகும். பக்கத்து மேசைக்காரர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிப்பார். மழை, ஆடு, பள்ளிக்கூடம் என்று பேச்சு நீளும். மோட்டல் அறைக்குள் அடைந்து கிடந்தால் இது வாய்க்காது. நாம் கொடுக்கும் வாடகையும் சாப்பாட்டுக் காசும் அந்தக் கட்டடம் இடியாமல் நிற்க உதவுகிறது என்பதும் எனக்கு முக்கியம்.

அப்புறம், அங்கே பெரும்பாலும் தனி வரவேற்பறை கிடையாது. சாவி கொடுப்பதும் பாரில் நிற்பவர்தான். பல ஊர்களில் சமையலறை எட்டு மணிக்கே மூடிவிடும். புரோக்கன் ஹில் கடிகாரம் சிட்னியைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடும், அதையும் கணக்கில் வையுங்கள். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.