ஹைப்பர்பாப் என்றால் என்ன? 100 கெக்ஸின் இரண்டாவது ஆல்பம் எப்படி மாறியது?

பாப் பாட்டின் பளபளப்பையெல்லாம் வேண்டுமென்றே எல்லை மீற ஏற்றிச் செய்வதுதான் ஹைப்பர்பாப். டிவியில் நிறம், வெளிச்சம், ஒலி மூன்றையும் கடைசி வரை திருப்பிவிட்ட மாதிரி. காட்சி அதேதான், ஆனால் கண் கூசும்.

இது பிறக்கக் காரணம் லேப்டாப்பும் இணையமும். 100 கெக்ஸ் என்பது அமெரிக்காவின் டிலன் பிரேடியும் லாரா லெஸும் சேர்ந்த இருவர் இசைக்குழு. இவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடியே ஃபைல்களை மாற்றி மாற்றி அனுப்பி, 2019இல் '1000 கெக்ஸ்' ஆல்பத்தை முடித்தார்கள். ஸ்டுடியோ விதிகள் இல்லாததால் மெட்டல், டெக்னோ, ஸ்கா என எந்த இசை வகையையும் ஒரே பாட்டில் மோதவிட முடிந்தது.

அப்புறம் நீண்ட காத்திருப்பு. இரண்டாவது ஆல்பம் '10,000 கெக்ஸ்' 2023 மார்ச்சில்தான் வந்தது. பத்துப் பாட்டு, அரை மணி நேரம்கூட ஓடாது. ஆனால் கிட்டார் முன்னால் வந்துவிட்டது, சில பாடல்களில் நிஜ டிரம்ஸ் அதிர்கிறது. முதல் ஆல்பத்தை நகலெடுக்காமல் ராக் பக்கம் துணிந்து போனதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோட்யூன் என்றாலே பாடத் தெரியாததை மறைக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது மறைக்கப்படுவதே இல்லை, கிட்டாரைப் போல அதுவும் ஒரு வாத்தியம்.