அட்டையை மூடிவிட்டு ஆட விடுங்கள்

வணக்கம் சகோதரி. நாலு வயது மகன் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ முழுதும் ஒப்பிக்கிறான், ஆனால் ‘கம் ஹியர்’ என்றால் விழிக்கிறான், பட அட்டையை எடுத்தாலே ஓடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஓடட்டும். அதையே விளையாட்டாக்கிவிடலாம்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை ஒன்று உண்டு. கட்டளையைக் காதால் கேட்டு உடம்பால் செய்வது. பேச வேண்டிய கட்டாயமே இல்லை. ‘ஜம்ப்’ என்று சொல்லி நீங்களே குதியுங்கள், அவனும் குதிப்பான். ‘ஸ்டாப்’ என்றதும் சிலையாக நில்லுங்கள். இரண்டும் பழகியதும் ‘ரன்’, ‘சிட்’. அப்புறம் செய்து காட்டாமல் வெறுமனே சொல்லிப் பாருங்கள். காது பிடித்துக்கொண்டதா என்று அப்போதுதான் தெரியும். பிறகு அவனைக் கட்டளையிட விடுங்கள். அம்மாவைக் குதிக்க வைப்பதில் பிள்ளைகளுக்கு வரும் குஷியே தனி, வாய் தானாகத் திறக்கும்.

காய்கறிப் பையைத் தரையில் கொட்டி ‘கிவ் மீ எ டொமேட்டோ’ என்று கையை நீட்டுங்கள். கத்தரிக்காயைத் தந்தால் தப்பு என்று சொல்ல வேண்டாம். ‘ஓ, பிரிஞ்சால்! தேங்க் யூ’ என்று வாங்கிக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

பத்து நிமிடம் போதும், அவன் சலிக்கும் முன்பே நிறுத்துங்கள். சில மாதம் பதிலுக்கு ஒரு வார்த்தைகூட ஆங்கிலத்தில் வராமல் போகலாம். சொன்னதைச் செய்கிறான் என்றால் கவலை வேண்டாம். விருந்தாளி முன்னால் ‘இங்கிலீஷில் பேசிக் காட்டு’ என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்பவர்களையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கதை, சண்டை, கொஞ்சல் எல்லாம் தமிழிலேயே நடக்கட்டும்.